ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டா

அண்ணே,

இன்று ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜைப் பெண் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். சுடச்சுட ஜிலேபி. நெய்யும் பாகும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக முளைகட்டின பயறையும் வெள்ளரிக்காயையும் மென்றுகொண்டிருப்பவள் அவள். நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தாள்.

"இன்னிக்கு எனக்கு சீட் டே ஆன்ட்டி. வாரத்துல ஒரு நாள் டயட்டை ஏமாத்தலாம், பரவாயில்லையாம்."

"யார் வாங்கிக் கொடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் விழித்தாள். இது என்ன கேள்வி என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். உங்களுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி புரிந்திருக்கும்.

தாராவியில் பாத்திரக்கடை வைத்திருந்த நீங்கள் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதில்லை. டீலர் அனுப்பிய அலுமினியச் சட்டியை விரலால் தட்டி, சத்தத்தைக் கேட்பீர்கள். எடையை அவன் எழுதி ஒட்டியிருந்தாலும், உங்கள் தராசில் இன்னொரு முறை ஏறிய பிறகுதான் அது உள்ளே போகும். நான் பள்ளியில் பாஸாகிவிட்டேன் என்று ஓடி வந்து சொன்னபோதுகூட, நீங்களே போய்ப் போர்டைப் பார்த்துவிட்டு வந்துதான் பேடா வாங்கிக் கொடுத்தீர்கள். கூடப் பிறந்தது நாம் இரண்டு பேர்தான். உங்களைப் பார்த்துத்தான் நானும் சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன்.

உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபோது, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடந்தீர்கள். மதினிக்குச் சர்க்கரை, மகள் மாசமாக இருந்தாள், இரண்டு பேரிடமிருந்தும் எடுக்க முடியாது. சோதித்துப் பார்த்ததில் என்னுடையது பொருந்தியது. ஆனால் டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த எடையில் உங்களுக்கு ஆபரேஷன் செய்ய மாட்டேன். குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அன்று சாயங்காலம் கடைக்கு மேலே உங்கள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொந்தக்காரர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, "சரி, குறைக்கிறேன்" என்றேன். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீங்கள் என் கையில் இருந்த அந்தத் தலைப்பையே பார்த்தீர்கள்.

எனக்கு உணவுமுறை எழுதிக் கொடுத்த அம்மாள் ஒரு சலுகை வைத்திருந்தார். வாரத்தில் ஒரு வேளை மட்டும் பிடித்ததைச் சாப்பிடலாம். என் வீட்டுக்காரருக்கு அதில் இஷ்டமில்லை. "ஒரு வேளைன்னு ஆரம்பிச்சு அது எங்க போய் நிக்கும்னு உனக்கே தெரியாது" என்றார். எனக்கும் இரண்டு மனதாகத்தான் இருந்தது. விஷயம் உங்கள் காதுக்கு வந்தது.

"சீட் டேயா? யார ஏமாத்தப் போற?" என்று கேட்டீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சயானில் லோக்கல் ரயில் பிடித்து முலுண்டில் என் வீட்டுக்கு வந்து நின்றீர்கள். கையில் எவர்சில்வர் அடுக்கு. மேல்தட்டில் பரோட்டா, அடித்தட்டில் சால்னா.

"எனக்கு மெசினுக்கு லீவு, ஒனக்குப் பத்தியத்துக்கு லீவு. தின்னுட்டி."

உங்களுக்கு அதில் ஒரு வாய்கூட ஆகாது. உப்பு ஆகாது. தண்ணீர்கூட அளந்துதான். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், முதல் மாதம் அந்த ஒரு வேளைதான் என்னைக் காப்பாற்றியது. ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்ற தெம்பில் மற்ற நாட்களை ஓட்டினேன். எடையும் இறங்கியது. வீட்டுக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார்.

பிறகு புதன்கிழமையும் வந்தீர்கள். வடாபாவ். "இந்தப் பக்கமா ஒரு சோலி இருந்துச்சு." வெள்ளிக்கிழமை ஜிலேபி. "மூஞ்சி வாடிப் போயிருக்கேட்டி, மதினி பாத்தா என்னைய ஏசுவா." நோயாளி அண்ணன் படியேறி வந்து கொடுக்கும்போது எப்படி வேண்டாம் என்பது? எடை மெஷினின் முள் இறங்காமல் நின்றது. அப்புறம் ஏறவும் தொடங்கியது.

ஒரு நாள் காலை ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு அது உறைத்தது. எத்தனை கிலோ இறங்கினாய் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்க்கிற ஆள், தன் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிற எடையை மட்டும் கேட்கவே இல்லை. அந்தப் புதன்கிழமைச் சோலி என்னவென்றும் யோசித்தேன். முலுண்டில் உங்களுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். போனில் கூப்பிட்டுப் பொய் சொன்னேன்.

"அண்ணே, டாக்டர் சொன்ன எடைக்கு வந்துட்டேன்."

"நெசமாவா?"

"ஆமா."

"ஒன் வீட்டு எடை மெசினு சரியா இருக்கா?"

அன்று உங்களுக்கு டயாலிசிஸ் நாள். முடிந்த கையோடு, ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருக்க, வந்து நின்றீர்கள். இரண்டு அடுக்கு. பரோட்டா, ஆட்டுக்கறி, ஜிலேபி. மூச்சு வாங்கியது. நான் அடுக்கைத் திறக்கவில்லை.

"ஒரு சட்டிய மூணு தடவ எடை போடுதிய. என்னைய ஒரு தடவ போட்டுப் பாத்தியளா? ஏன் அண்ணே?"

"எடையில என்ன கெடக்கு?"

"எனக்குத் தெரியணும். நான் மெலியக் கூடாதுன்னு நெனைக்கியளா?"

நீங்கள் அடுக்கின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள்.

"அன்னைக்கு நீ ஒடனே சரின்னு சொல்லல. மொகத்தைத் தொடச்சுக்கிட்டு, பெறவுதான் சொன்ன. அத்தன பேரு சுத்தி நின்னாவ. வேண்டாம்னு சொல்ல ஒனக்கு வாய் வந்திருக்காது. எடை எறங்கலன்னா டாக்டரே வேண்டாம்னுருவாரு. ஒன்னைய ஒரு பயலும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அடுக்கை ஜன்னல் வழியே எறிந்திருப்பேன். அடுக்களையில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.

"பயமா இருந்துச்சு. அதுக்குத்தான் மொகத்தைத் தொடச்சேன். வேண்டாம்னு இல்ல."

"ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"எனக்கே தெரியல அண்ணே. எடை எறங்குனா தெரிஞ்சுரும்."

அதன் பிறகு நான் சொன்னதுதான் சட்டம். ஞாயிறு ஒரு வேளை இருக்கும், அதை விட மாட்டேன். ஆனால் அதை என் கையால் நான் சமைப்பேன். நீங்கள் வெறுங்கையோடு வர வேண்டும். உங்கள் கண் முன்னால் நான் எடை மெஷினில் ஏறி நிற்பேன். சரி என்றீர்கள். அடுத்த ஞாயிறு வந்தபோது உங்கள் பை கனத்தது. எனக்குச் சுருக்கென்றது. உள்ளே கையை விட்டுக் கடையின் ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்தீர்கள். என் மெஷினில் அதை வைத்து, குனிந்து, எண்ணைப் படித்து, திருப்தியானதும்தான் என்னை ஏறச் சொன்னீர்கள்.

அன்று முதல் எடை ஒழுங்காக இறங்கியது. ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் குழுவினர் என்னைத் தனியாக ஒரு அறையில் வைத்துக் கேள்வி கேட்டார்கள். வெளியே வந்ததும் நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்தீர்கள்.

"என்ன கேட்டாவ?"

"யாராவது கட்டாயப்படுத்துனாவளான்னு."

"நீ என்ன சொன்ன?"

"குடுக்காதன்னு ஒருத்தரு சோறு போட்டே கட்டாயப்படுத்துனாருன்னு சொன்னேன்."

நோய் வந்த பிறகு நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து நான் முதலில் எழுந்து நடந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்க்க வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நர்ஸ் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தார். நீங்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, முழுதும் குடிக்கலாமா என்று அவரிடம் இரண்டு முறை கேட்டீர்கள். அப்புறம் குடித்தீர்கள். டம்ளரை வைத்துவிட்டு, இன்னொன்று என்று விரலைக் காட்டினீர்கள். அந்த நிமிஷம் நான் எந்த நாளும் மறக்க மாட்டேன்.

இன்றும் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது, அண்ணே. நீங்கள் எனக்காகத்தான் அப்படிச் செய்தீர்களா, அல்லது ஆபரேஷன் கத்திக்குப் பயந்து, என் பயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டீர்களா? சில நாள் அப்படித் தோன்றும், சில நாள் இப்படி. மதினியிடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கும். அவுகள யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

அதன் பிறகு நல்லபடியாகச் சில வருஷங்கள் கடையில் உட்கார்ந்தீர்கள், பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாஹிம் கடற்கரை வரை நடந்தீர்கள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டுக் கேட்டீர்கள்.

"ஏட்டி, இப்பமாவது நெசத்தச் சொல்லு. அன்னைக்கு ஒனக்கு மனசு இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணே."

நீங்கள் என் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "சரி, நம்புதேன்" என்றீர்கள். நம்பின ஆளின் முகமாக அது இல்லை. அப்படியே போய்விட்டீர்கள்.

டாக்டர் வருஷத்துக்கு ஒரு முறை என்னைச் சோதித்துப் பார்த்து, இருக்கிற ஒன்று நன்றாக வேலை செய்கிறது என்கிறார். எடையை ஏற விடாமல் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் யார் எதைக் கொடுத்தாலும், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கணம் யோசிக்காமல் கை நீட்டுவதில்லை. அது நீங்கள் விட்டுப் போனது. என் மற்றொரு சிறுநீரகம் உங்களோடு போயிற்று. மனதோடுதான் கொடுத்தேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.