சோடனை கழற்றிய சுவர்

மச்சான்,

மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் காலையில் கிறிஸ்மஸ் சோடனையைக் கழற்றினேன். ஸ்டூலில் ஏறிப் பின்பக்க மூலையில் பளபள நாடாவைப் பிடித்து இழுத்ததும், அதோடு சுண்ணாம்புப் பொருக்கும் பெயர்ந்து என் தலையில் கொட்டியது. பின்னாலேயே ஒரு வாசம் வந்தது. மழையில் மலை சரிந்த இடத்தில் வருமே, பச்சை மண் வாசம், அதுதான். வீட்டுக்குள் வரக் கூடாத வாசம். ஸ்டூலில் நின்றபடியே கையை வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் முழுசாக உள்ளே போனது. உன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் பொதுவான சுவரில், நாலு வருசத்துக்கு முன்னால் அடைத்த வெடிப்பு மேலிருந்து கீழ் வரை மறுபடி வாயைத் திறந்திருக்கிறது.

நீ போய் இரண்டு வருசமாகிறது. செத்த மனிசனுக்குக் கடுதாசி எழுதுகிறேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரி பிலோமினா சிரிப்பாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன்தான் நான். ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை ஐயாவே நாற்காலியை விட்டு எழுந்தார் என்பது இந்தத் தோட்டம் அறிந்த விசயம். நீ மட்டும்தான் அவர் வெற்றிலை துப்ப எழுந்தார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

டிசம்பர் சோடனையை எவனும் செய்வான் மச்சான். கடையில் பல்பு வாங்கி மாட்டினால் முடிந்தது. சோடனையைக் கழற்றிய பிறகு வீட்டை வீடாக ஆக்குகிறானே, அவன்தான் ஆள். கிறிஸ்மஸ் போன காம்பராவைப் பார்த்திருக்கிறாய்தானே? ஆணி ஓட்டைகள், பசை இழுத்த தழும்புகள், நட்சத்திரம் தொங்கின இடம் மட்டும் வெளுத்து, சுற்றிலும் அடுப்புக் கரி. ஒரு கதவு, ஒரு ஜன்னல், நாலு சுவர். அதுவரை ஒளிந்திருந்த சுவர்கள் ஆளுக்கு ஓரடி உள்ளே நகர்ந்து வந்த மாதிரி இருக்கும். மூச்சு முட்டும்.

அதற்குத்தான் என் கைவேலை. சுண்ணாம்பில் நீலத்தை எந்த அளவு போட வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கூடினால் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும், குறைந்தால் கோழிக்கூடு. பிலோமினாவின் பழைய பச்சைச் சேலை ஜன்னல் திரையாகும். பிளாஸ்டிக் பூக்களைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஷோகேசை வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பேன். கடைசியில் புதுக் கலண்டர். நிவித்திகலப் பக்கத்து மாணிக்க வியாபாரி ஒருவரின் மனைவி என் காம்பராவைப் பார்த்து அசந்துபோய், அதே மாதிரி தன் மாடி வீட்டைத் திருத்தினாள். அந்த அம்மா வழி தவறி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டதாக நீ சொன்னாய். தண்ணீர் குடித்தபோது நாலு பக்கமும் பார்த்தாளா இல்லையா?

கழற்றிய கடதாசிச் சங்கிலிகளைச் சுருட்டிக்கொண்டு உன் வாசலுக்குத்தான் வருவேன். ஒரு வாரத்தில் உனக்குப் பொங்கல். யேசு பாலனுக்குத் தொங்கினதை உன் பொங்கல் பானைக்கு மேலே கட்டுவோம். மூங்கில் நட்சத்திரத்தின் வாலை மட்டும் கத்தரித்துவிட்டு, "இனி இவரு சூரிய பகவான்" என்று சொல்லி நீ வாசலில் மாட்டுவாய். உன் வீட்டுக்காரி கமலம் தங்கச்சி தலையில் அடித்துக்கொள்வாள். "ரெண்டு சாமியும் சேந்து உங்க ரெண்டு பேரையும் ஒரு நாளைக்குத் தூக்கப் போகுது" என்பாள்.

வெடிப்பை அடைத்த அந்த வருசமும் அப்படித்தான் இருந்தது. பெருமழை பெய்து, லயத்துக்கு மேலே மலை ஒரு கை அகலம் இறங்கியிருந்தது. லயங்களைப் பார்த்து, ஆபத்தான லயத்துக்காரருக்குப் புது வீட்டுப் பட்டியலில் பெயர் எழுத ஆட்கள் வரப் போவதாகச் சொன்னார்கள். நம் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு காம்பரா. மலைப் பக்கத்துக் கடைசி இரண்டும் நம்முடையவை. வெடிப்பு நம் பொதுச் சுவரில். முதலில் பார்ப்பது நம் வீட்டைத்தான் என்று கங்காணி வந்து சொன்னபோது, நான் சோடனையைக் கழற்றிவிட்டு வெறுஞ்சுவரோடு நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியிலிருந்து படித்த மனிசர்கள் வருகிறார்கள். லயத்து ஆட்கள் பன்றிக் குடிசையில் இருக்கிறவர்கள் என்று நினைத்துவிட்டுப் போவார்களே என்று தோன்றியது. சீமெந்துப் பைக் கடதாசியை நனைத்துக் கசக்கி வெடிப்புக்குள் திணித்தேன். மேலே ஒரு பூச்சு, அதற்கு மேலே சுண்ணாம்பு. நீ வந்து கதவில் சாய்ந்து நின்றாய்.

"மச்சான், அவங்க வெடிப்பத்தானே பாக்க வர்றாங்க? ஒன் சோடனையவா பாக்க வர்றாங்க?"

"வர்றவங்களுக்கு நம்ம மருவாதி தெரிய வேணாமா? வெடிப்ப வாயால சொல்லிக்கலாம். நான் பேசுறேன், நீ பாரு."

"நீ பேசினா வெடிப்பு எங்க தெரியும்? நீதான் தெரிவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். ஆனால் என்னோடு பேசி ஜெயிக்க உன்னால் எப்போது முடிந்தது? அன்று பின்னேரம் உன் பக்கத்தையும் நானே பூசினேன். கமலம் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ சுண்ணாம்பைக் கலக்கிக் கொடுத்தாய்.

மறுநாள் பட்டியல் எழுத வந்த சிங்கள அதிகாரி மாத்தயாவுக்குப் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தோம். அவர் திரையைப் பார்த்தார், ஷோகேசைப் பார்த்தார். "கெதர ஹரி லஸ்ஸனய் நே" என்றார். வீடு ரொம்ப அழகாக இருக்கிறதாம். நான் சும்மா விடுவேனா? நீலம் கலக்குகிற கதையை ஆரம்பித்தேன். அவர் சிரித்துச் சிரித்துக் கேட்டார். நீ அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வெடிப்புக்கு மேலே மாட்டியிருந்த கலண்டரைக் கண்ணால் காட்டினாய். வெடிப்பைப் பற்றிச் சொல்லு என்று. சொல்லத்தான் இருந்தேன் மச்சான். அதற்குள் அவர் கோப்பையை வைத்துவிட்டு, மலைப் பக்கத்து வீடே இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று மற்ற நாலையும் வாசலோடு பார்த்துவிட்டு இறங்கிப் போனார். கீழ் லயத்து ஆட்கள் கரிச்சுவரை அப்படியே விட்டிருந்தார்கள். சோம்பேறிகள் என்று நான்தான் நக்கலடித்தேன். அவர்களுக்குத் தார் ரோட்டுப் பக்கம் வீடு வந்தது. நமக்குச் சின்னத் திருத்த வேலை போதும் என்று எழுதியிருந்ததாம்.

நீ ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டவில்லை. மழை பிடித்தால் மட்டும் வாசலில் நின்று மலையை அண்ணாந்து பார்ப்பாய்.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது. உன் கருமாதி அன்று சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு இதில் வந்து நின்றது. "நம்ம லயத்த மட்டும் ஏன் எழுதாமப் போனாங்க?" என்று ஒருவன் கேட்டான். "அந்தச் சுவத்த எவனோ பூசி வச்சதாலதான்" என்றான் இன்னொருவன். இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இலையைப் பார்த்தபடி சொன்னேன்: "அவன்தான் பூசியே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னான். நான் என்ன செய்ய?"

கமலம் என் இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். செம்பு ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தது. இரண்டு வருசமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை அண்ணே என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை.

இந்த முறையும் பெருமழை. டிசம்பர் கடைசி வாரம் முழுக்க மலை உறுமியது. வியாழக்கிழமை மறுபடி ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. கொழும்பில் கடையில் நிற்கிற என் மகள், செங்கல் மாதிரிப் படம் போட்ட ஒட்டுத்தாள் நாலு சுருள் அனுப்பியிருந்தாள். தோலை உரித்து ஒட்டினால் போதும், லயத்துச் சுவர் பங்களாச் சுவர் ஆகிவிடும். பிலோமினா கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"வெறுஞ்சுவரோட எப்படிங்க ஆளுங்கள உள்ள கூப்பிடுறது?"

அன்று என் வாயிலிருந்து வந்த அதே பேச்சு, இப்போது அவள் வாயில். "ஒட்டாத. சுவரு சுவராவே இருக்கட்டும்" என்றேன்.

"என்ன அதிசயம்! கோழிக்கூட்டுக்கே திரை போட்ட ஆளு நீங்க."

"வெடிப்பு தெரியணும்டி."

"தெரிஞ்சா உள்ள இருக்கிற கடதாசியும் தெரியும். எவன் அடைச்சான்னு கேப்பாங்க. ஊருக்கெல்லாம் அந்த அண்ணன் பூசினாருன்னு சொல்லி வச்சிருக்கீங்க. கமலத்த வச்சிக்கிட்டே அவங்ககிட்டயும் அதையே சொல்லுவீங்களா?"

எனக்குப் பதில் இல்லாமல் போன நாளை நீ பார்க்கவில்லையே என்று நினைத்தேன். பிலோமினா ஒட்டுத்தாள் சுருளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மூன்று நாள் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போக இடமில்லை. மகள் இருப்பது ஒரு கட்டில் போடுகிற அறை. இருக்கவும் வழியில்லை, மலை மேலே நிற்கிறது. கண்ணை எங்கே திருப்பினாலும் நானே அடைத்த வாய்தான்.

வியாழக்கிழமை வந்தவள் சின்ன வயதுப் பெண். சிங்களம்தான் அவள் பாசை. ஆனால் தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள். தேத்தண்ணீர் வேண்டாம் என்றாள். நேராகச் சுவருக்குப் போய் டார்ச்சை அடித்து, குறட்டால் வெடிப்புக்குள்ளிருந்து ஒரு கடதாசிக் கற்றையை இழுத்தாள். காய்ந்து கறுத்துப் போயிருந்தது. லயமே வாசலில் கூடி நின்றது. கமலம் கடைசியில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இது யாரு அடைச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. "பக்கத்து வீட்டு அண்ணன் பூசினது மிஸ். அவரு செத்துப் போயிட்டாரு."

அந்தக் குரலில் குற்றமே இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னது. அந்தப் பெண் அதை எழுதப் பேனாவைத் தாளில் வைத்தாள்.

"நான்" என்றேன்.

"என்ன?"

"நான் அடைச்சது மிஸ். ரெண்டு பக்கமும் நான்தான். அவரு வேணாம்னு சொன்னாரு."

என் வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை. ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன் என்று நீட்ட நாக்கு எழும்பியது. மடக்கிக்கொண்டேன். வாசலில் ஒரு பெண் குரல், "அப்ப நம்ம ஆறு வீடும் வராமப் போனது இந்த மனிசனாலயா?" என்றது. ஆமாம், ஆறு வீடும் என்னால்தான்.

கமலம் முன்னால் வந்தாள். கையை ஓங்குவாளோ என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ரெண்டு வருசம் பிந்திட்டீங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "வாங்க மிஸ், எங்க பக்கத்தையும் காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த முறை அந்தப் பெண் எழுதிக்கொண்டாள் மச்சான். ஆறு காம்பராவும் ஆபத்து என்று. வீடு எப்போது வரும் என்று கேட்டேன். "பேரு போட்டிருக்கு" என்றாள். அதுவரைக்கும்? மழைக்குப் பள்ளிக்கூடத்தில் போய் இருக்க வேண்டுமாம். மழை விட்டதும்? அவள் பேனாவை மூடினாள். பாவம், அவளுக்கும் தெரியாது. போகும்போது வெடிப்புக்குக் குறுக்கே, உன் பக்கம் ஒன்றும் என் பக்கம் ஒன்றுமாக, விரல் அகலக் கண்ணாடித் துண்டு இரண்டைச் சீமெந்தால் ஒட்டிவிட்டுப் போனாள். சுவர் அசைந்தால் கண்ணாடி வெடிக்குமாம். வெடித்தால் உடுத்த துணியோடு இறங்கிவிட வேண்டுமாம்.

லயத்தில் என்னோடு பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பேசாமல் இருக்கட்டும், அது அவர்கள் பாடு. இந்த வருசம் சுண்ணாம்பு இல்லை, திரை மாற்றவில்லை. புதுக் கலண்டர் கட்டில் மேல் கிடக்கிறது. நாலு சுவரும் உள்ளே நகர்ந்து நிற்க, நடுவில் நானும் பிலோமினாவும். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த வெடிப்பைத்தான். பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இங்கே பின்னேர மழைக்கு நேரம் தவறாது, உனக்குத் தெரியும். தகரத்தில் முதல் துளி விழுந்ததும் நான் போய்க் கண்ணாடிக்கு முன்னால் குந்துவேன். அந்தப் பக்கம் கமலம் குந்துகிற சத்தம் கேட்கும்.

"அண்ணே, உங்க பக்கம் எப்படி இருக்கு?"

"முழுசா இருக்கு தங்கச்சி. ஒங்க பக்கம்?"

"கீழ ஓரத்துல ஒரு கோடு மாதிரி தெரியுது. வெடிப்பா, தூசியான்னு தெரியல்ல."

"தொடச்சிப் பாருங்க."

அவள் துடைக்கிறாள். நான் காத்திருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிச்சமாகி வந்திருப்பது இந்த வேலைதான் மச்சான், மழை பெய்கிற நேரமெல்லாம் உன் வீட்டுக்காரிக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருப்பது.

"தூசிதாண்ணே" என்கிறாள். மழை இன்னும் விடவில்லை.