ரூனே பிடித்த கண்ணாடி

கோத்தன்பர்க், நவம்பர் 12

அன்புள்ள டைகா,

நீயும் அம்மாவும் சுகந்தானே? அம்மாவின் இருமல் குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். இடது நடுவிரலில் நகம் மட்டும் போய்விட்டது, பயப்படாதே.

போன வாரம் பட்டறையில் ஒரு காரின் கதவைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கும் கம்பிகளுக்குள் கையை விட்டிருந்தேன். பேட்டரி ஒயரை முதலிலேயே கழற்றியிருந்தேன். கூட வேலை செய்யும் ரூனே விளையாட்டுக்காக அதைத் திரும்ப மாட்டி ஸ்விட்சை அழுத்தினான். கம்பி விரலைக் கவ்விக்கொண்டது.

"லாட்வியாக்காரன் கத்துறதைக் கேளுங்கடா!" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

நேற்று அவன் காரின் கண்ணாடியே ஏறாமல் நின்றுவிட்டது. "குன்டார்ஸ், நீதாம்ப்பா பாக்கணும்" என்று வந்தான். வெளியே பனி கலந்த மழை. முற்றத்திலேயே கதவைப் பிரித்து, கண்ணாடியைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்றினேன்.

"ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடி, ரூனே. விட்டா உள்ள விழுந்து நொறுங்கிடும். நான் கண்ணாடியை ஒட்டி நிறுத்த டேப் எடுத்துட்டு வரேன்."

நான் உள்ளே போன நேரம் பார்த்துக் காபி இடைவேளை மணி அடித்தது. இந்த ஊரில் அதைத் தவறவிடுபவன் மனிதனே இல்லை. அவன் பங்கு இலவங்கப்பட்டை ரொட்டியையும் நானே சாப்பிட்டேன்.

"டேய், எங்கடா போன? கை மரத்துப் போச்சுடா!"

"தேடிக்கிட்டே இருக்கேன்பா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

கம்பளிக் கையுறை ஒன்று அனுப்பு. கடையில் வாங்காதே, நீயே பின்னு. இடது நடுவிரல் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். நான் காத்திருந்த பேருந்து வந்துவிட்டது.

உன் குன்டார்ஸ்

பின்குறிப்பு: டேப் என் சட்டைப் பையிலேயேதான் இருந்தது.