தட்டில் வளராத ஈரல்

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று உன் வீட்டு விருந்தில் கிளாஸைத் தூக்கிக்கொண்டு, “எங்க அக்கா லேப்ல புது ஈரலே வளக்குறா, எனக்கென்ன கவலை?” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். உன் மனைவி மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் வளர்ப்பது ஈரல் இல்லடா, அறிவு கெட்டவனே. ஸ்டெம் செல்லை ஈரல் செல்லாக மாற்ற, பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் தினமும் பார்த்துக்கொள்கிறேன். லேப் தட்டில் இருக்கும்வரை சமர்த்து. உன்னுடையதுபோல் குடியால் தழும்பேறிய ஈரலுக்குள் செலுத்தினால் பெரும்பாலும் ஒட்டாமலே செத்துப்போகும். பிழைப்பதும் கட்டியாகிவிடுமோ என்று பயம். எலிக்கே இன்னும் சரியாக வரவில்லை. இத்தனைக்கும் எலி, நாங்கள் கொடுப்பதைத் தவிர வேறெதையும் குடிப்பதில்லை.

நாங்கள் கை துடைக்கும் ஸ்பிரிட் கொஞ்சம் தட்டில் சிந்தினால் போதும், அத்தனை உழைப்பும் பாழ். அதைத்தான் நீ சோடா கலந்து குடிக்கிறாய்.

உன் மனைவி கேட்டாளே என்று, என் ஈரலில் ஒரு பங்கு உனக்குப் பொருந்துமா என்று பரிசோதித்துக்கொண்டேன். பொருந்துகிறது. இப்போதே சொன்னால் அந்தச் சந்தோஷத்துக்கும் ஒரு கிளாஸ் ஊற்றுவாய். அதனால் இந்தக் கடிதம் அவளிடம் இருக்கும். ஆபரேஷனுக்கு முன் டாக்டர் சொன்ன ஆறு மாதமும் நீ குடிக்காமல் இருந்தால்தான் உன்னிடம் தருவாள். இல்லையென்றால் கிழித்துவிடுவாள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், துணிமணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வா. நன்றி கின்றி என்று ஆரம்பித்தாயோ, எழுந்து போய்விடுவேன்.

கோபம் தீராத,
அக்கா