அன்ரன் செய்த ஃபொண்ட்

மார்ச் 24, திங்கள்

காலையிலேயே வேர்வை. கொட்டாஞ்சேனையில் காற்று என்பதே இல்லை. ஒரே வேலை: ஞாயிறு ஒத்திகைக்கு முன், இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு நாடகப் பிரதி அச்சடிப்பது. பங்கு மண்டபத்தில் கிடந்த பழைய பிரதிகள் மழைத் தண்ணீரில் கூழ். மிச்சம், தம்பி அன்ரன் கனடா போகுமுன் தட்டெழுதிய வேர்ட் கோப்பு மட்டும்.

திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்து, கமா, இடையிடையே சதுரப் பெட்டி. பிலாத்துவும் பெட்டி, பரபாசும் பெட்டி.

பள்ளி விட்டு மருதானை. கொம்பியூட்டர் திருத்துபவர் பார்த்தவுடன், “மிஸ், மேக்க வைரஸ் எகக்!” வைரஸ் இல்லை, தமிழ் என்று சிங்களத்தில் விளக்கி முடிய பஸ் போய்விட்டது.

மா. 25, செவ்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை, அந்த ஃபொண்டைப் போட்டால் வரும் என்றார்கள். போட்டேன். வந்தது, அரைகுறையாய். ஒரு வரி தமிழ், அடுத்த வரியில் ஐந்தாறு எழுத்து இடம் மாறிக் கூத்து. ஃபோனில் இன்னும் மோசம். இணையத்தில் யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தேன், அதே குப்பை வேறு உடுப்பில்.

யூதாஸ் வேஷக்காரர், ஹார்பரில் வேலை, காலையிலிருந்து வட்ஸ்அப்: “டீச்சர், என்ட வசனம் எங்க?” காட்டிக் கொடுக்க என்ன அவசரமோ.

பால்மா, மெழுகுதிரி வாங்க மறந்தேன்.

மா. 27, வியா.

வெள்ளவத்தை. கல்யாணக் கார்டு அடிக்கும் சிவா, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“அக்கா, இது பாமினி இல்ல. ஆரோ பாமினியில கை வச்சிருக்கினம். தங்கட விரலுக்கு வசதியா எழுத்துகள மாத்தி, சொந்தமா ஃபொண்ட் செய்திருக்கினம். அந்த ஆளிட்டத்தான் கேக்கோணும்.”

அந்த ஆள்! அன்ரனேதான். எதையும் உள்ளபடி விடமாட்டான்.

அவனிடம் கேட்பதைவிட முழுதையும் புதிதாக எழுதலாம். ஃபாதரும் அதையே சொல்கிறார், அவருக்கென்ன.

அவன் நாடகம் பழக்கிய காலத்தில், நான் மாதா வேஷத்துக்கு ஒரு தவக்காலம் முழுதும் பாடமாக்கினேன். கடைசி வாரம் அதைத் தூக்கித் தான் கட்டப் போகிறவளுக்குக் கொடுத்தான். அதன் பிறகு அம்மாவின் சாவீட்டில் கதைத்ததோடு சரி. இந்த வயதிலும் அது எரிகிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

மா. 28, வெள்ளி

சிலுவைப் பாதை. மனம் எதிலும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி கோப்பைத் திறந்தேன், மறுபடி பெட்டி. மேசையில் அடித்ததில் கைதான் நொந்தது.

அன்ரனுக்கு ஃபோன் எடுத்துவிட்டேன். இரண்டாம் மணியிலேயே தூக்கினான்.

“அக்கா? ஆருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. உன்ட ஃபொண்ட அனுப்பு.”

அவன் சிரித்தான். சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும் என்று அவனுக்குத் தெரியும்.

மா. 29, சனி

பின்னேரம் இடி, மழை இல்லை. ஃபொண்ட் வந்தது. போட்டதும் முழுதும் நேராகிவிட்டது. பிலாத்து கை கழுவுகிறான், யூதாஸ் காசை எறிகிறான். நான் கொஞ்சம் அழுதேன்.

நன்றி சொல்ல எடுத்தேன். கேட்கிறான்:

“இந்த முறை மாதா ஆரு?”

“ஆளில்ல. பிள்ளைகளுக்கு எல்லாம் டியூஷனாம்.”

“நீ செய்யன்.”

“எனக்கு ஐம்பது தாண்டிட்டுதடா.”

“சிலுவையடியில நிக்கேக்க மாதாவுக்கு என்ன, பதினெட்டா? அப்ப குடுத்தது பிழை, அக்கா. எனக்குத் தெரியும்.”

மழை வருது என்று வைத்துவிட்டேன்.

கதவைப் பூட்டி, மாதாவின் புலம்பலை வாய்விட்டு வாசித்தேன். பாதி பார்க்காமலே வந்தது. மடியில் மகனைக் கிடத்தும் இடத்தில் கதவில் தட்டும் சத்தம். கீழ்வீட்டு பரீதா, முக்காடும் சரியாகப் போடாமல், மேல்மூச்சு வாங்க:

“டீச்சர், அழுற சத்தம் கேட்டிச்சே. யாரும் மவுத்தாகிட்டாங்களா?”