ஏழுமலை வரப்பில் விழுந்த ஆலா

கார்த்திகை 16, திங்கள்

மழை விட்டது. வானம் வெளுப்பு. புயல் கரையேறியதிலிருந்து கரண்ட் இல்லை. உரக்கடைக்குள் கணுக்கால் தண்ணீர். கீழ் வரிசை யூரியா மூட்டைகள் கரைந்து கஞ்சி. பொட்டாஷ் தப்பியது. காலையிலிருந்து வாளியும் கையுமாக நானும் மலரும். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கடையைத் தரை உயர்த்திக் கட்டச் சொல்கிறாளாம். சொன்னாள்தான். இன்றைக்கே ஏன் அதை எடுக்க வேண்டும்?

பத்து மணிக்கு ஏழுமலை வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. சாய்ந்த கரும்பைப் பற்றி அழ வருகிறான் என்று நினைத்தேன். தோள் துண்டில் எதையோ சுருட்டி வைத்திருந்தான்.

"டேய், இது இன்னான்னு பாரு. வரப்புல கெடந்துது."

ஒரு பறவை. முதுகு முழுக்கக் கறுப்பு, வயிறு வெள்ளை, நெற்றியில் வெள்ளைத் தீற்று. கழுத்தோரம் சாம்பல் அழுக்கு மாதிரி. வால் பிளந்திருக்கிறது. இறக்கை எவ்வளவு நீளம்! விரித்துப் பார்த்தால் கல்லா மேசை பத்தவில்லை. எடையோ ஒரு மாங்காய் எடைதான். கண் மூடி மூடித் திறக்கிறது. காயம் எதுவும் தெரியவில்லை.

உரம் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

"காக்கா குஞ்சுபா."
"போடா, காக்காக்கு வயிறு வெள்ளையாவா இருக்கும்?"
"கடல் பட்சி. புயல் தூக்கியாந்து போட்ருக்குது."
"வறுத்தா எப்டி இருக்கும்?"

கடைசியாகக் கேட்டவனுக்கு இனி கடன் கிடையாது.

கடல் பட்சி என்ற பேச்சு மலர் காதில் விழுந்துவிட்டது. "வூட்டுக்குள்ள பொணத்த எடுத்துகினு வராதீங்க" என்று அதுவரை கத்திக்கொண்டிருந்தவள், எனக்குத் தெரியாமலே பெரிய அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் ரொப்பி, கல் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்து வைத்தாள். வாயில் விட்டுப் பார்த்தாளாம், கடல் அளவுக்குக் கரித்ததாம். பாவம், அதற்குத் தன் ஊர்த் தண்ணீர் கிடைக்கட்டும் என்று. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எடுத்து மிதக்க விட்டோம்.

மிதக்கவில்லை. வாத்து மாதிரி நிற்கும் என்று பார்த்தால் துணி மாதிரி நனைந்து இறங்குகிறது. கழுத்து வரை போய்விட்டது. மலர் "ஐயோ ஐயோ" என்று அள்ளி எடுத்தாள். நல்ல தண்ணீரில் உப்பை அலசினாள். உடம்பே நடுங்குகிறது, பறவைக்கும் அவளுக்கும். கரண்ட் இருந்தால் குண்டு பல்பு போட்டுக் காய வைக்கலாம். இல்லை. முந்தானைக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு அடுப்பு முன் உட்கார்ந்துவிட்டாள். இன்று சமையல் கிடையாது. ஏழுமலை வீட்டிலிருந்து சோறு வந்தது.

கடல் பறவை தண்ணீரில் மூழ்குமா? இது என்ன கூத்து!

கார்த்திகை 17, செவ்வாய்

வெயில். உயிரோடு இருக்கிறது!! பூச்சிமருந்து வந்த அட்டைப்பெட்டி வேண்டாம் என்று மலர் திட்டினாள், நியாயம். பிஸ்கட் பெட்டிக்கு மாற்றினோம்.

செய்தவை: டிராக்டர் பேட்டரியில் போன் சார்ஜ். மாட்டு டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பினேன். பறவை பார்க்கிறவர்கள் யாரோ அவருக்குப் பழக்கம், கேட்டுச் சொல்கிறேன் என்றார். மதியம் நேரிலேயே வந்துவிட்டார், முழங்கால் வரை சேறு.

ஆலா ஜாதியாம். இங்கிலீஷில் சூட்டி டெர்ன். நம் கரையில் வாழ்கிறது இல்லை. ஆளில்லாத தீவுகளில் குஞ்சு பொரிக்கும். லட்சத்தீவுப் பக்கம் இருக்கலாம், செஷல்ஸ் பக்கம் இருக்கலாம். அங்கிருந்து வங்காள விரிகுடா வரை மேய வருமாம். காலில் வளையம் இல்லை, ஆகவே சொந்த ஊர் தெரியாது.

"தண்ணில வுட்டீங்களா?" என்று கேட்டார். நான் மலரைப் பார்த்தேன், மலர் பெட்டியைப் பார்த்தாள்.

"இதோட எறகுல எண்ணெப்பசை ரொம்பக் கம்மி சார். தண்ணில உக்காந்தா நனஞ்சி மூழ்கிடும். அதனால கடல்ல உக்காராது. பறந்துகிட்டே மீன் கொத்தும், பறந்துகிட்டே தூங்கும்."

"அப்ப எங்கதான் உக்காரும்?" மலர்.

"உக்காராது. குஞ்சு வளந்து தீவ வுட்டுக் கெளம்புனா, திரும்ப முட்டையிடப் போற வரைக்கும் தரைய தொடாதுன்னு சொல்றாங்க. அது பல வருஷம். இது கழுத்துல சாம்பல் இருக்குல்ல, முழு வயசு இன்னும் ஆகல."

அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. முழு வயசு ஆகவில்லை என்றால் பிறந்த தீவைவிட்டுக் கிளம்பியதிலிருந்து இது எங்குமே கால் வைத்திருக்காது! இத்தனை வருஷம். இரவு பகல். மழை, புயல், எல்லாவற்றுக்கும் மேலே. அதன் பிறகு முதல்முதலாகக் கால் வைத்தது ஏழுமலை வரப்பில். அடுத்து என் கல்லா மேசை. அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். கறுப்பு, மெலிசு. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. டாக்டரம்மா எதிரில் கும்பிடவில்லை.

தீனி: சின்ன மீன், முழுசாக. போட்டுகள் கடலுக்குப் போகவில்லை, மார்க்கெட்டில் மீன் இல்லை. ஏழுமலை நிரம்பி ஓடும் வாய்க்காலில் கொசுவலையைப் போட்டுக் கெண்டைப்பொடி பிடித்து வந்தான். டாக்டரம்மா அலகைத் திறந்து காட்டினார். மூன்றாவதை அதுவே முழுங்கியது. மலர் கை தட்டினாள்.

மகள் ஹாஸ்டலுக்குப் போகுமுன் பரணில் போட்ட அட்லஸை எடுத்தேன். செஷல்ஸ் ஒரு மிளகு அளவு. அங்கிருந்து நம் பாகூர் பக்கம் வரை என் சாண் எட்டவில்லை. நடுவில் முழுக்க நீலம். நான் போன அதிக தூரம் திருப்பதி.

கார்த்திகை 18, புதன்

தூறல். கூட்டம். எல்லோருக்கும் பயிர் சாய்ந்திருக்கிறது, எல்லோருக்கும் இன்றே மருந்து. தண்ணீரை வடிக்காமல் மருந்து அடித்து என்ன செய்ய? சொன்னால் முறைக்கிறார்கள்.

காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பது குற்றம், தகவல் சொல்லிவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பாண்டி ஃபாரஸ்ட் ஆபீஸ் (இனி பா.ஃபா.) நம்பருக்குப் போட்டேன்.

"எங்க கெடச்சிது?"
"கரையாம்புத்தூர் சார். கரும்பு நெலத்துல."
"அங்க பாதி தமிழ்நாடாச்சே. எந்தப் பக்கம்?"

ஏழுமலையைக் கேட்டேன். அவன் வரப்புக்கு வடக்கே பாண்டி, தெற்கே கடலூர் மாவட்டம், அதாவது தமிழ்நாடு. பறவை கிடந்தது வரப்பின் மேல். போனை வாங்கி அவனே சொன்னான்:

"தல அந்தப் பக்கம் சார், வாலு இந்தப் பக்கம்."

"அப்போ தல இருக்கிற ஸ்டேட்டுக்குப் பேசுங்க."

கடலூர் ஃபாரஸ்ட் (க.ஃபா.): "இப்ப எங்க இருக்குது?" என் கடையில் என்றேன். "கடை?" கடை பாண்டி. "அப்போ அவுங்கதான்." மறுபடி பா.ஃபா. கிராம நிர்வாக அலுவலரிடம் வரப்பு யாருடையது என்று எழுதி வாங்கச் சொன்னார்கள். மறுபடி க.ஃபா. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டான். "எத்தினி நாடு தாண்டி வந்துது. ஒரு வரப்ப தாண்ட முடியலியே!" கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் தின்ற மீனை மதியம் கக்கிவிட்டது. நெஞ்செலும்பு நேற்றைவிடத் துருத்துகிறது. பெட்டி அதைத் தின்கிறது.

மாலை டாக்டரம்மா போன். அவரே யாரோ அதிகாரியைப் பிடித்துப் பேசிவிட்டார். தேறினால் கடற்கரையில் விட்டுவிடலாம், படம் எடுத்து அனுப்பினால் போதும். உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள், இனியும் அடைத்து வைத்தால் பிழைக்காது, நாளைக்கே போங்கள் என்றார். கரைசலை மலர்தான் கொடுத்தாள், பஞ்சில் நனைத்து. "குடிடி, என் கண்ணு, குடி." ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியுமாம்.

கார்த்திகை 19, வியாழன்

நல்ல வெயில், கடலிலிருந்து காற்று. கடையை ஏழுமலையிடம் விட்டுவிட்டு வண்டியில் நல்லவாடு கடற்கரைக்கு. பின்னால் மடியில் பெட்டியோடு மலர். "குழில எறக்காதீங்க, குழில எறக்காதீங்க." பாகூர் தாண்டும் வரை இதே பாட்டு. ரோட்டில் குழியைத் தவிர என்ன இருக்கிறது?

மணலில் வைத்தோம். நின்றது. காற்று இறக்கையைத் தூக்கத் தூக்க அதுவும் விரித்தது. நாலு அடி உயரம் எழும்பிற்று. அப்படியே சாய்ந்து அலை நுரையில் விழுந்தது.

நான் மரம் மாதிரி நிற்கிறேன். மலர் புடவையோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அலை இழுக்கும் முன் அள்ளிவிட்டாள். நீச்சல் தெரியாது அவளுக்கு. வாயில் வந்தபடி திட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, முந்தானையின் காய்ந்த முனையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். செல்வமணி என்று ஒரு போட்டுக்காரர், முப்பது முப்பத்தைந்து வயது. பார்த்ததுமே "ஆலா" என்றார்.

"கரையில வுட்டா எழும்பாதுண்ணே. இங்க காத்து தரைய பாத்துத் தள்ளுது. உள்ள போய் வுடணும். நாளைக்குப் போட்ட எறக்கப் போறன், புயலுக்கப்புறம் மொத தடவ. வர்றீங்களா?"

இதற்காக ஏன் சிரமம் என்று கேட்டேன்.

"ஆலா கூட்டம் சுத்துற எடத்துலதாண்ணே எங்களுக்கு மீனு. நாங்க எவ்ளோ தின்னுருக்கோம் அது காட்டி."

வெயிலில் துண்டு விரித்துக் காய வைத்து, இருட்டுமுன் திரும்பிவிட்டோம். இறகு காய்ந்தது. மீன் ஐந்து தின்றது, கக்கவில்லை. கரண்ட் வந்தது.

நாளைக்கும் எழும்பவில்லை என்றால்? கேட்காதீர்கள் என்கிறாள் மலர். மூன்றாம் தடவை நனைந்தால் காய வைக்கத் தெம்பு அதற்கு இருக்காது. இது டாக்டரம்மாவும் போனில் சொன்னது.

கார்த்திகை 20, வெள்ளி

விடிந்ததும் கிளம்பினேன். மலர் வரவில்லை. விழுவதை இன்னொரு தடவை பார்க்க மாட்டாளாம். கடையைப் பார்க்க ஆள் வேண்டாமா என்று வெளியே சொல்லிக்கொண்டாள். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாற்பத்தாறு வயதில் முதல் தடவை கடலுக்குள். இத்தனை பக்கத்தில் பிறந்து! அலை தாண்டும்போது போட்டு நட்டுக்குத்தலாக நிற்கிறது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். செல்வமணியும் அவர் தம்பியும் நின்றபடியே பேசிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு வாந்தி. காலை டீ, நேற்று இரவு இட்லி, எல்லாம். "இன்னாண்ணே, உரக்கடையெல்லாம் காலியா?" தம்பி.

கரை ஒரு கோடாகிவிட்டது. பிறகு அந்தக் கோடும் சரியாகத் தெரியவில்லை. சுற்றிலும் தண்ணீர், மேலே வானம். ஒரு கம்பம் இல்லை, கொம்பு இல்லை, உட்கார இடம் என்று ஒன்றுமே இல்லை. இதற்கு மேல்தான் வருஷக்கணக்காகவா? சாமி! எனக்குப் பயமும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

இன்ஜினை நிறுத்தினார்கள். காற்று முகத்தில் அடிக்கிறது. பெட்டியைத் திறந்தேன். நாலு நாளாகப் பாதி மூடிக்கிடந்த கண் முழுசாகத் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கடலைத்தான் பார்த்தது.

"காத்துக்கு எதுக்கப் புடிண்ணே. ஒசர தூக்கிப் போடு. பயப்படாத."

போட்டேன்.

விழுந்தது. நேராகக் கீழே. "விழுது, விழுது!" என்று கத்தியது நான்தான். ஒரு அலை எழும்பி மறைத்துவிட்டது. அந்த அலை இறங்க எவ்வளவு நேரம்! இறங்கிய பிறகும் அங்கே ஒன்றும் இல்லை.

தம்பிதான் கையை நீட்டினான். தள்ளி, இரண்டு அலைக்கு அப்பால், தண்ணீரை ஒட்டி ஒரு கறுப்பு. இறக்கை நுனி நனையாத அளவுக்கு மேலே. ஒரு தரம் அடித்தது, இன்னொரு தரம் அடித்தது, சட்டென்று ஏறிவிட்டது. தென்னை உயரம், அதற்கும் மேலே. இறக்கை ஆடவே இல்லை, காற்றில் அப்படியே படுத்துக்கொண்டது. வரப்பில் கிடந்த அதே பறவை என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

இது உயிரோடு இருக்குமா என்று கேட்டேன்.

"கரைய பாத்து வந்தா காத்து தள்ளிகினு வருதுன்னு அர்த்தம்ணே. இது காத்த எதுத்துப் போவுது பாரு. பொழச்சிக்கிச்சி."

கண் வலிக்கும் வரை பார்த்தேன். படம் எடுத்து அனுப்ப மறந்துபோனேன்.

கரை தெரிந்ததும் போனில் சிக்னல். அடிக்கும் முன்னாலேயே அவள் அழைப்பு. ஹலோ இல்லை, ஒன்றும் இல்லை.

"தண்ணிய தொட்டுச்சா?"

"தொடல மலரு."

கடையில் யாரோ டி.ஏ.பி. இருக்கா என்று கேட்பது கேட்டது. இருங்க இருங்க என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அழுகையும் சிரிப்புமாக என்னிடம் சொன்னாள்: "இன்னொரு வாட்டி சொல்லுங்க."