சுவரில் ஒரு விரல் நீள டேப்

மார்ச் 3, திங்கள்

முப்பத்திரண்டாவது மாடிக்கு அப்பா வந்து இன்றோடு இரண்டு மாதம். இன்னும் லிஃப்டில் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆயுள் முழுக்க மின்கம்பம் ஏறி இறங்கிய லைன்மேன்! கேட்டால், "கம்பத்துல நான் ஏறினேன். இது என்னைத் தூக்கிட்டுல்ல போகுது" என்கிறார்.

காலையில் பார்த்தால் குளியலறைக் கதவில் சிவப்பு இன்சுலேஷன் டேப், ஒரு விரல் நீளத்துக்கு. இந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் கைப்பிடி கிடையாது. சுவரோடு சுவராக வெள்ளையாக இருக்கும். உள்ளங்கையால் அழுத்தினால் திறக்கும். அதைப் பார்த்துத்தான் நானும் என் கணவரும் இந்த வீட்டில் சொக்கிப்போனோம். அப்பாவோ இரண்டு முறை துணி அலமாரியைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார். டேப் சுருள் இல்லாத சட்டைப்பை அவருக்கு ஆகாது. வேலையில் இருந்தபோது வந்த பழக்கம். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அத்தனை வெள்ளையில் அது மட்டும் கண்ணை உறுத்துகிறது.

மார்ச் 6, வியாழன்

வீட்டை வடிவமைத்துக் கொடுத்தவர் போன் செய்தார். எங்கள் வீட்டை ஒரு பத்திரிகையில் போடப்போகிறார்களாம்! சனிக்கிழமை படமெடுக்க வருகிறார்கள். "ஒரு பொருள் வெளியில தெரியக் கூடாது மேடம். சோப்பு டப்பா கூட." எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவின் ரேடியோ, தைல டப்பா, நகவெட்டி எல்லாவற்றையும் என் அறை டிராயருக்குள் தள்ளினேன். துவைக்கப் போட்ட சட்டையில் டேப் சுருள் இருந்தது. அதையும் போட்டேன்; அது அவருக்குத் தெரியாது.

"ரெண்டே நாள்தான்ப்பா."

"எனக்கென்ன, வேணும்னா நானும் உள்ள போய் உக்காந்துக்கறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார்.

மார்ச் 8, சனி

எழுத முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காலையிலேயே கதவில் இருந்த டேப்பை உரித்துவிட்டேன். பசைகூடத் தெரியாமல் துடைத்தேன். அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன் — இல்லை, மறக்கவில்லை. சொன்னால் ஏன் என்பார், யார் உட்கார்ந்து விளக்குவது என்று விட்டேன். படமெடுத்து முடிந்ததும் ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பதினொரு மணி இருக்கும். கேமராக்காரர் கூடத்தில் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நடைவழிச் சுவரைத் தடவிக்கொண்டே போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, ஒரு நிமிஷம் என்று அவருக்குக் கையைக் காட்டினேன். வெளிச்சம் போய்விடும் என்று கேமராக்காரர் அவசரப்பட்டார்.

அந்த ஒரு நிமிஷம் கழித்துத் திரும்பினால், தரையில் ஈரம். அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி கொட்டிட்டேன்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. கையில் தம்ளர் இல்லை. கேமராக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

நான் என்ன சொன்னேன்? "பாத்து வரக் கூடாதாப்பா?" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

காலை, சாப்பாட்டு மேசையில்:

"பாப்பா, பாத்ரூம் கதவுல நான் ஒரு டேப் ஒட்டினேன்ல?"

"எந்த டேப்பு?"

வாயிலிருந்து வந்துவிட்டது. எடுத்தது நான்தான் என்றால், சனிக்கிழமை நடந்ததும் என்னால்தான் என்று ஆகிவிடுமே. அந்த பயம்.

சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். "டேப்பே இல்லையே. பழைய வீட்டுலயே விட்டுட்டேனா? அப்போ ஒட்டணும்னு நெனச்சதோட சரியா?"

நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஒரே ரொட்டிக்கு, எவ்வளவு நேரமோ.

மார்ச் 12, புதன்

அப்பாவுக்குக் காலையில் வைத்த தண்ணீர் பாட்டில் மாலையிலும் அப்படியே நிறைந்திருக்கிறது. குடித்தால்தானே கதவைத் தேட வேண்டும்.

மார்ச் 15, சனி

அண்ணன் போன் செய்தான். அப்பாவே அவனிடம் பேசியிருக்கிறார்.

"மறதி வந்துடுச்சாம் அவருக்கு. ஒட்டாத டேப்பை ஒட்டினதா நெனச்சுக்கிட்டாராம். முத்திப்போறதுக்குள்ள நல்ல முதியோர் ஹோமா பாருடாங்கறார். உனக்கு பாரமா இருக்கக் கூடாதாம். செவ்வாய்க்கிழமை ஒரு ஹோமுக்குக் கூட்டிட்டுப் போறேன், புடிச்சிருந்தா அங்கயே இருக்கட்டும்."

"ம்" என்றேன்.

ம்! அந்த இடத்துல சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தை. நீ எல்லாம் ஒரு பொண்ணாடி?

மார்ச் 16, ஞாயிறு

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மாமாகிட்ட சொல்லிடு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

சொல்லவில்லை. இரண்டு முறை அப்பாவின் அறை வாசல்வரை போனேன். "என்னம்மா?" என்றார். "காபி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அவரோ வேண்டாம் என்றுவிட்டார்.

மார்ச் 17, திங்கள்

அப்பா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நாலு சட்டை, கட்டிலின் மேல் வரிசையாக. ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். அவர் பெயர், என் பெயர், என் போன் நம்பர். கோணல்மாணலாக, பெரிய பெரிய எழுத்தில்.

"எங்கயாவது தொலஞ்சு போயிட்டா, யாராவது உனக்கு போன் பண்ணுவாங்கல்ல?" என்றார்.

அதற்கு மேல் முடியவில்லை. ஓடிப்போய் டிராயரிலிருந்து டேப் சுருளை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

"நீங்க ஒட்டினீங்கப்பா. நான்தான் பிச்சு எடுத்தேன், போட்டோவுக்காக. நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன்."

அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"அப்போ... நான் ஒட்டினேனா?"

"ஒட்டினீங்க."

"இந்த உயரத்துல?" தோளுக்கு நேராகக் கையைக் காட்டினார்.

"ஆமாப்பா."

கட்டிலில் உட்கார்ந்தார். சட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா!"

என்மேல் கோபப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரு வாரமாக எதைச் சுமந்துகொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அண்ணனுக்கும் நானே போன் செய்து சொன்னேன். கிழி கிழி என்று கிழித்தான். கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இதை இரண்டு மாதம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும். "மத்ததெல்லாம் ஓரளவு தெரியும். வெள்ளைக்குப் பக்கத்துல வெள்ளைதான் இவருக்குப் பிரிஞ்சு தெரியாது" என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டில் வேறு என்ன நிறம் இருக்கிறது?

மார்ச் 20, வியாழன்

எல்லாக் கதவுக்கும் சிவப்பு. டிராயர்களுக்கும். நான் வெட்டிக் கொடுத்தேன், அப்பா ஒட்டினார். பாட்டில் மத்தியானத்துக்குள் காலி.

ஏப்ரல் 26, சனி

பத்திரிகை வந்தது. முழுப் பக்கத்துக்கு எங்கள் நடைவழி. வெள்ளை வெளேரென்று, ஒரு தூசு இல்லை. அப்பா மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல பாத்ரூம் எங்கம்மா?"

அவர் விரலைப் பிடித்துப் படத்தில் அந்த இடத்தில் வைத்தேன். சட்டைப்பையிலிருந்து சுருளை எடுத்து, நகத்தளவு கிழித்து, அங்கே ஒட்டினார். இருவரும் சிரித்தோம்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். இப்போதெல்லாம் குளியலறைக்குள் போகும்முன் அப்பா அந்த டேப்பைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். நான் பக்கத்தில் இருந்தால், "இருக்குல்ல?" என்று கேட்கிறார்.

"இருக்குப்பா" என்கிறேன். இன்று மூன்று முறை சொன்னேன்.