யாருக்குப் பரவாயில்லை?

அன்புள்ள அப்பா,

ஞாயிற்றுக்கிழமை வந்து என்னையும் சாமான்களையும் வீட்டுக்கே ஏற்றிப்போவதாகச் சொன்னீர்கள். அதற்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும். போனில் பேசினால் பாதியை விழுங்கிவிடுவேன்.

நேற்று மனநல ஆலோசகரிடம் போனேன். "நம்ம வம்சத்துல மனசுன்னு தனியா யாருக்கும் இருந்ததில்லம்மா" என்று போகவேண்டாமென்றீர்களே, அவரிடம்தான்.

அறையில் ஏசி ஒழுகி என் தோளில் சொட்டியது.

"நனையுறீங்களே, தள்ளி உக்காருங்க."

"பரவாயில்ல மேடம்."

"யாருக்குப் பரவாயில்ல? உங்களுக்கா, ஏசிக்கா?"

சிரித்துவிட்டேன். பின்னாலேயே அழுகையும் வந்தது. அலுவலகத்தில் அடுத்தவர் வேலையெல்லாம் என் தலையில் விழும்போதும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். ராத்திரியில் தூக்கமே வரவில்லை என்று உங்களிடம் புலம்பினேனே, அதுவும் இதனால்தான். நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்துத் தள்ளிப் போட்டேன். அவர் கைதட்டினார், அப்பா!

இன்று காலை பக்கத்து மேசைக்காரர் வழக்கம்போல் தன் அறிக்கையை என்னிடம் நீட்டினார்.

"இது உங்க வேலை சார். என்னால முடியாது."

"அட, உனக்குப் பேச வருமா!"

"இப்பத்தான் வருது சார்."

மொத்த அறையும் சிரித்தது. நானும்தான். மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.

"வேலைய விட்டுட்டு வந்துடு" என்று நீங்கள் சொன்னபோதும் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். அது பொய். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அப்பா. நான் இங்கேயே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். நிறையப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் புது வாயாடி